தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி அணிபவர்களின் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டப்படி தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து அணிந்து நடமாடுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். போட்டிகளுக்காகச் சுடுபவர்களின் தேவை வேறு, அதைத் தொடவில்லை. எந்தத் துப்பாக்கி, எந்த உறை என்று பேசுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். வாங்கியதை வாரந்தோறும் முறையாகக் கையில் எடுத்துப் பழகுபவர்கள்தான் குறைவு. அந்தக் கவலையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உரிமத்துக்கான தேர்வில் நன்றாகவே சுட்டேன். அது போதாதா?

போதாது. அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வெளிச்சமான இடம், அசையாத பெரிய காகித இலக்கு, ஏற்கெனவே கையில் இருக்கும் துப்பாக்கி, வேண்டிய அளவு அவகாசம். உறையிலிருந்து உருவிச் சுடச் சொல்லாத தேர்வுகளும் உண்டு. இவரிடம் துப்பாக்கியைக் கொடுத்தால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்தில்லை என்பதைத்தான் அந்தத் தேர்வு சொல்கிறது. அதற்குமேல் எதையும் சொல்வதில்லை.

தொழிலாகவே துப்பாக்கி அணிபவர்களின் நிலையைப் பாருங்கள். நியூயார்க் நகரக் காவல்துறையைப் பற்றி ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2008-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 1998 முதல் 2006 வரை, எதிராளியும் சுட்ட மோதல்களில் காவலர்கள் சுட்ட தோட்டாக்களில் சராசரியாக 18 சதவீதம்தான் இலக்கில் பட்டன. எதிராளி திருப்பிச் சுடாதபோதுகூட அது 30 சதவீதம்தான். இவர்களும் சுடுதளத்தில் தேர்ச்சி பெற்றவர்களே. படாமல் போன தோட்டாக்கள் ஒவ்வொன்றும் எங்கேயோ போய்த்தான் நின்றிருக்கும். பொது இடத்தில் நீங்கள் சுட்டால், குறி தப்பியவற்றுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பயிற்சியை நான் ஒரு கடமையாகப் பார்ப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இன்னொன்று, கற்ற திறன் சும்மா கிடந்தால் தேய்ந்துவிடும். நின்று நிதானித்துக் குறிபார்த்துச் சுடுவது சில மாதங்களுக்குப் பிறகும் ஓரளவு மிஞ்சும். உடையை விலக்கி, பிடித்து, உருவி, முதல் தோட்டாவைச் சரியான இடத்தில் பதிப்பது அதற்கு முன்பே போய்விடும். ஆபத்தில் தேவைப்படுவது இந்த இரண்டாவதுதான்.

மாதம் ஒருமுறை சுடுதளத்துக்குப் போய் 100 தோட்டா சுடுகிறேன். அதற்குமேல் என்ன செய்ய வேண்டும்?

அந்த 100 தோட்டாவையும் எப்படிச் சுடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில், மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு) காலியாகும்வரை சுட்டுக்கொண்டே இருந்தால் சத்தமும் புகையும்தான் மிச்சம். கையும் கவனமும் களைத்த பிறகு சுடுவதில் தவறுகள்தான் பழக்கமாகும். திட்டத்தோடு சுடும் 50 தோட்டா இதைவிட மேல்.

ஒரு சின்ன மாற்றத்தோடு தொடங்குங்கள். சுடுதளத்தில் அன்று சுடும் முதல் தோட்டாவுக்குத் தனி மதிப்புக் கொடுங்கள். கை சூடேறுவதற்கு முன், புதிய காகிதத்தில், 7 கெஜத் தூரத்தில் ஒரே ஒரு தோட்டா. அது எங்கே பட்டது, எவ்வளவு நேரம் ஆனது என்று தேதியோடு எழுதி வையுங்கள். தெருவில் உங்களுக்கு 20 தோட்டா சுட்டுப் பழகிக்கொள்ள யாரும் அவகாசம் தரப்போவதில்லை. 80-வது தோட்டா எவ்வளவு அழகாகப் பட்டாலும், உங்கள் உண்மையான தரம் அந்த முதல் தோட்டாவில்தான் தெரியும்.

தோட்டா இல்லாமல் வீட்டிலேயே பழகலாம் என்கிறார்களே, அதனால் பயன் உண்டா? பாதுகாப்பானதா?

பயன் மிகப் பெரிது. உருவுவது, பிடி, குறிமுள்ளைக் கண்ணுக்கு நேரே கொண்டுவருவது, துப்பாக்கி அசையாமல் விசையை அழுத்துவது ஆகிய எல்லாவற்றையும் ஒரு தோட்டாகூடச் செலவில்லாமல் பழகலாம். வெடிச்சத்தமும் உதைப்பும் இல்லாததால், விசையை அழுத்தும் நொடியில் முன் குறிமுள் துள்ளுகிறதா என்பதும் தெளிவாகத் தெரியும். சுடுதளத்தில் அந்தத் துள்ளலை உதைப்பு மறைத்துவிடும்.

பாதுகாப்பு முழுக்க உங்கள் ஒழுங்கைப் பொறுத்தது. அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்துப் பரப்பிய நான்கு விதிகள் இங்கேயும் அப்படியே பொருந்தும். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருத வேண்டும். அழிக்க மனமில்லாத எதன் பக்கமும் குழல்வாய் திரும்பக் கூடாது. குறி இலக்கில் பதியும்வரை விரல் விசைக்குப் போகக் கூடாது. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நடைமுறையில் இதைச் செய்யும் விதம்: முதலில் தோட்டாக்கள் எல்லாவற்றையும் வேறு அறையில் வையுங்கள், மேகசினில் உள்ளவை உட்பட. மேகசினைக் கழற்றி, ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியை) பின்னிழுத்து, தோட்டா அறையைக் கண்ணால் பாருங்கள். விரலாலும் தடவிப் பாருங்கள். பிறகு பயிற்சி செய்யும் அறைக்குப் போய் மறுபடி ஒருமுறை பாருங்கள். குறிவைக்கும் திசையில் தோட்டாவை உண்மையிலேயே தடுக்கக்கூடிய தடுப்பு இருக்க வேண்டும். கான்கிரீட் சுவர் சரி. மெல்லிய பலகைத் தடுப்புகளைக் கைத்துப்பாக்கித் தோட்டா எளிதாகத் துளைத்துப் போகும். அடுத்த அறையில் இருப்பவரை அது காக்காது. தொலைபேசியை அணைத்து வையுங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால், திரும்பி வந்ததும் எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்யுங்கள்.

பெரிய ஆபத்து முடிக்கும் நேரத்தில் இருக்கிறது. பயிற்சி முடிந்து, தோட்டாவை நிரப்பி, “இன்னும் ஒரே ஒரு முறை” என்று விசையை அழுத்துவார்கள். சுவரில் ஓட்டை விழுவது அப்போதுதான். அதனால் முடிந்ததும் “பயிற்சி முடிந்தது” என்று வாய்விட்டே சொல்லுங்கள். இலக்குக் காகிதத்தைக் கழற்றி எடுத்துவிடுங்கள். அறையை விட்டு வெளியே வந்து வேறு வேலை பார்த்துவிட்டு, அதன் பிறகே தோட்டாவை நிரப்புங்கள்.

துப்பாக்கியைப் பற்றியும் இரண்டு செய்திகள். தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்கும் .22 வகைகளில் பலவற்றை தோட்டா இல்லாமல் விசையை அழுத்தினால் அடிமுனை (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி) தோட்டா அறையின் விளிம்பில் மோதிச் சேதமாகும். வெடிக்காத போலித் தோட்டா வேண்டும். மற்ற நவீன வகைகளில் பெரும்பாலும் சிக்கலில்லை என்றாலும் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது பலர் கவனிக்காதது. தினமும் துப்பாக்கியை இறக்கி, அதே தோட்டாவை மறுபடி மறுபடி அறைக்குள் ஏற்றினால், ஈயமுனை கொஞ்சம் கொஞ்சமாகக் குப்பிக்குள் அமுங்கும். அப்படி அமுங்கிய தோட்டா வெடிக்கும்போது அழுத்தம் அளவுமீறக்கூடும். புதிய தோட்டாவின் பக்கத்தில் நிறுத்தி நீளம் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம்?

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 10 நிமிடம். மாதம் ஒருமுறை சுடுதளம். மாதத்தில் ஒருநாள் மூன்று மணி நேரம் பாடுபடுவதைவிட இது நல்லது. கவனம் சிதறுவது தெரிந்தால் 10 நிமிடம் ஆகாவிட்டாலும் நிறுத்திவிடுங்கள்.

உருவுவதை எப்படிப் பழகுவது? சுடுதளத்தில் உறையிலிருந்து உருவ அனுமதிப்பதில்லை.

பல சுடுதளங்கள் அனுமதிப்பதில்லை என்பது உண்மை. அதனால்தான் இதை வீட்டில், தோட்டா இல்லாமல் பழக வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால், தற்காப்புப் பயிற்சியில் பாதி நேரம் இதற்கே போகலாம்.

முதல் நிபந்தனை, அன்றாடம் எதை உடுத்துகிறீர்களோ அதோடு பழகுவது. பயிற்சிக்கென்று தனி பெல்ட், திறந்த உறை, மடித்துவிட்ட சட்டை என்று வைத்துக்கொண்டால் நீங்கள் பழகுவது வேறு யாரோ ஒருவருடைய நிலைமைக்கு. நீளமான மேலுடை, பொத்தான் போட்ட கோட், கையுறை, ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும் துணி, ஒவ்வொன்றும் வேறுவிதமாகத் தடுக்கும். பருவம் மாறி உடை மாறும்போதெல்லாம் முதல் சில நாட்கள் உருவுவதை மட்டுமே பழகுங்கள்.

அசைவைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உதவும் கை உடையை முழுக்க மேலே தூக்கிப் பிடிக்கட்டும். பாதி தூக்கினால் துணி பிடியில் மாட்டிக்கொள்ளும். சுடும் கை, துப்பாக்கி உறையில் இருக்கும்போதே இறுதிப் பிடியைப் பிடித்துவிட வேண்டும். வெளியே எடுத்த பிறகு பிடியைச் சரிசெய்ய நேரமிருக்காது. விசையை அழுத்தும் விரல் துப்பாக்கியின் சட்டகத்தின் மேல் நீட்டியபடி இருக்கட்டும். நேரே மேலே எடுத்து, குழல்வாயை முன்னே திருப்பி, மார்பருகே இரண்டு கையும் சேர்ந்து, பிறகு நீட்டுங்கள். உதவும் கை எந்தக் கட்டத்திலும் குழல்வாய்க்கு முன்னால் வரக் கூடாது. முதல் பல வாரங்களுக்கு வேகம் வேண்டாம். வீணான அசைவுகள் குறைந்தால் வேகம் தானாக வரும்.

திரும்ப உறையில் வைப்பதற்கு அவசரமே கிடையாது. உருவுவதற்குத் தேவைப்படும் வேகம் வைப்பதற்குத் தேவைப்படும் சூழ்நிலை எதுவும் இல்லை. விரல் வெளியே, உடை விலகியிருக்கிறதா என்று குனிந்து கண்ணால் பார்த்து, மெதுவாக. சட்டையின் ஓரமோ கோட்டின் கயிறோ விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துக்குள் புகுந்து விசையை அழுத்திவிட்ட விபத்துகள் நடந்திருக்கின்றன. இடுப்பின் முன்பக்கம் அணிபவர்களுக்குக் குழல்வாய் தொடையையும் அடிவயிற்றையும் நோக்கியே இருப்பதால் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

நின்றபடி நன்றாக வந்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்து செய்து பாருங்கள். இருக்கை வாரோடு காரில் அமர்ந்திருக்கும் நிலையில் செய்து பாருங்கள். ஒரு கையில் பை இருக்கும்போது, குழந்தையின் கையைப் பிடித்திருப்பதாக வைத்துக்கொண்டு, இடது கையால் மட்டும். பல உறைகள் உட்கார்ந்த நிலையில் உருவ வராது என்பது அப்போதுதான் தெரியும். அதை வீட்டில் தெரிந்துகொள்வது நல்லது.

“21 அடி விதி” என்கிறார்களே, அது என்ன?

அதை விதி என்று சொல்வதே தவறு. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டியூலர் 1983-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது அது. கத்தியோடு ஓடிவரும் ஆள் 21 அடியை, அதாவது 7 கெஜத்தை, ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடந்துவிடுவார் என்று அவர் கணக்கிட்டார். பழகிய ஒருவர் துப்பாக்கியை உருவிச் சுடுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். ஆபத்து நாம் நினைப்பதைவிடத் தொலைவிலேயே தொடங்கிவிடுகிறது என்று காட்டுவதே நோக்கம். 21 அடிக்குள் யார் வந்தாலும் சுடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த நீதிமன்றமும் தூரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாது.

பயிற்சிக்கு அது சொல்லும் பாடம் வேறு. நின்ற இடத்தில் நின்றபடி உருவினால் நேரம் போதாது. பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே உருவப் பழகுங்கள். நடுவில் காரோ மேசையோ தூணோ வரும்படி நகரப் பழகுங்கள். சாதாரண சைகையைப் பார்த்துக் கை அசையவே கால் நொடி ஆகும். எதிரே வருபவர் யார், என்ன செய்கிறார் என்று முடிவெடுக்க அதைவிட அதிகம். அந்த நேரத்தை வேகமான கையால் சம்பாதிப்பது கடினம். முன்கூட்டியே கவனித்து, தெருவின் மறுபக்கம் போய்விடுவதால் சம்பாதிப்பது எளிது.

சுடாமல் இருப்பதைப் பழக வேண்டுமா?

கட்டாயம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

பலருடைய பயிற்சியில் ஒவ்வொரு முறை உருவும்போதும் முடிவு ஒன்றுதான்: சுடுவது. ஆயிரம் முறை அப்படிச் செய்தால், உருவியதும் விரல் விசைக்குப் போவது கேள்வியே இல்லாத பழக்கமாகிவிடும். துப்பாக்கியைப் பார்த்ததுமே எதிராளி நின்றுவிடலாம், ஓடிவிடலாம், கையைத் தூக்கிவிடலாம். கத்தி என்று நினைத்தது தொலைபேசியாக இருக்கலாம். அந்த நொடியில் நிறுத்தத் தெரியாத கை உங்களையும் அழிக்கும், குற்றமற்ற ஒருவரையும் அழிக்கும்.

அதனால் உருவும் தடவைகளில் ஏறத்தாழ பாதியைச் சுடாமல் முடியுங்கள். உருவி, குழல்வாயைச் சற்றுத் தாழ்த்தி, “நில்! பின்னால் போ!” என்று உரக்கச் சொல்லி, சுற்றிலும் பார்த்து, மெதுவாக உறையில் வையுங்கள். வீட்டில் வாய்விட்டுக் கத்தக் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் சொல்லுங்கள். கூச்சத்தால் பழகாத குரல் ஆபத்தில் வெளியே வராது.

சுடுதளத்தில் ஒரே காகிதத்தில் வெவ்வேறு நிறத்தில், வெவ்வேறு எண்ணில் சிறு வட்டங்கள் வரைந்து, நண்பர் ஒருவர் கடைசி நொடியில் எண்ணைச் சொல்லட்டும். இல்லாத எண்ணையும் நடுநடுவே சொல்லட்டும். அப்போது சுடக் கூடாது. இலக்கைத் தேடிக் கண்டு முடிவெடுக்கும் வேலை அப்போது மூளைக்கு வந்துவிடுகிறது.

இதற்குமேல் ஒரு படி போக வசதியிருந்தால், நல்ல பயிற்சியாளரிடம் நடித்துப் பழகும் வகுப்புக்குப் போங்கள். சாயக் குண்டு போன்ற பாதுகாப்பான கருவிகளோடு, எதிராளியாக நடிப்பவர் உண்மையாகப் பேசி, கெஞ்சி, ஏமாற்றி, தாக்குவார். நல்ல வகுப்பில் பல காட்சிகள் சுடாமலே முடியும்படி அமைந்திருக்கும். ஒவ்வொரு முறையும் சுட்டே தீர வேண்டும் என்று அமைந்த வகுப்பைத் தவிர்த்துவிடுங்கள். உண்மையான துப்பாக்கியோ தோட்டாவோ கத்தியோ அந்த அறைக்குள் வராதபடி எல்லாரையும் சோதிக்கிறார்களா என்றும் பாருங்கள்; சோதிக்கவில்லை என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும் என்கிறார்கள். பதற்றத்தைப் பழக முடியுமா?

ஓரளவு முடியும். கடும் ஆபத்தில் இதயம் வேகமாகத் துடிக்கும், பார்வை ஒரே இடத்தில் குறுகும், பக்கத்தில் வெடித்த சத்தம்கூடக் காதில் விழாமல் போகலாம், விரல்களின் நுண்மையான அசைவு தடுமாறும். சுடுதளத்தில் அதை முழுதாக வரவழைக்க முடியாது. ஆனால் நேரக் கணக்கும், பக்கத்தில் நின்று பார்க்கும் நான்கு பேரும் சேர்ந்தாலே பலருக்குக் கை நடுங்கும். அந்த நடுக்கத்தோடு வேலையை முடிக்கப் பழகுவது பெரிய லாபம். ஓடி, தண்டால் எடுத்து, மூச்சிரைக்கச் சுடுவது போன்றவை அடிப்படைப் பாதுகாப்பு கையில் ஊறிய பிறகே, அதுவும் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே.

நேரம் அளக்கும் கருவி தேவையா?

வாங்குங்கள். ஒலி கேட்டதிலிருந்து தோட்டா வெடித்ததுவரை அது அளந்து சொல்லும். நம் உணர்வு சொல்வதை நம்ப முடியாது. உடைக்குள்ளிருந்து உருவி, 7 கெஜத்தில் 8 அங்குல வட்டத்துக்குள் ஒரு தோட்டாவை 2 நொடிக்குள் எப்போதும் பதிக்க முடிந்தால் நல்ல நிலை. ஒன்றரை நொடி மிக நல்ல நிலை. வட்டத்துக்கு வெளியே பட்டால் நேரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

துப்பாக்கி நடுவில் நின்றுவிட்டால்?

போலித் தோட்டாக்கள் சிலவற்றை நண்பர் உங்களுக்குத் தெரியாமல் மேகசினில் கலந்து வைக்கட்டும். வெடிக்காத இடத்தில், மேகசினின் அடியை ஓங்கித் தட்டி, ஸ்லைடை முழுக்கப் பின்னிழுத்து விட்டுவிட்டு, இன்னும் சுட வேண்டிய தேவை இருக்கிறதா என்று பார்த்து, தொடருங்கள். இரண்டு தோட்டா சேர்ந்து மாட்டிக்கொண்டால் இது உதவாது. அப்போது ஸ்லைடைப் பின்னால் பூட்டி, மேகசினைப் பிடுங்கி எடுத்து, ஸ்லைடை இரண்டு மூன்று முறை இழுத்து, புதிய மேகசினைப் போட வேண்டும். இதே பயிற்சியில் இன்னொரு பலனும் உண்டு. தோட்டா வெடிக்காதபோது துப்பாக்கி முனை கீழே குத்தினால், உதைப்பை எதிர்பார்த்து நீங்கள் முன்கூட்டியே அழுத்துகிறீர்கள் என்று தெரிந்துவிடும். குறி தாழ்ந்து போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஒரு எச்சரிக்கை: சுடுதளத்தில் உண்மைத் தோட்டா வெடிக்காமல் நின்று, அது தாமதமாக வெடிக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால், குழல்வாயை இலக்குப் பக்கமே வைத்து 30 நொடியாவது காத்திருங்கள். சத்தம் வழக்கத்தைவிட மெல்லியதாக இருந்தால் உடனே நிறுத்தி, தோட்டாவை இறக்கி, குழலுக்குள் ஈயமுனை சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

அணிவது சிறிய துப்பாக்கி, பழகுவது பெரியதில். பரவாயில்லையா?

அணிவதிலேயே பழகுங்கள். சிறியதில் உதைப்பு அதிகம், குறிமுட்களின் இடைவெளி குறைவு, பிடியில் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது. சிறியதைப் பிடிக்காததால் பெரியதில் பழகுகிறீர்கள் என்றால், அணிவதை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும். தற்காப்புக்கு வைத்திருக்கும் அதே வகைத் தோட்டாவையும் அவ்வப்போது சுட்டுப் பாருங்கள்; உதைப்பும் பதியும் இடமும் பயிற்சித் தோட்டாவிலிருந்து மாறுபடும்.

இருட்டில் பழக வேண்டுமா?

வேண்டும். கையில் டார்ச் பிடித்து ஒரு கையால் சுடுவது பகலில் சுடுவதிலிருந்து முற்றிலும் வேறு. அதைவிட முக்கியம், யார் என்று பார்ப்பது. துப்பாக்கியில் பொருத்திய விளக்கை மட்டும் நம்பினால், யாரென்று பார்ப்பதற்காகவே ஒருவர் மேல் துப்பாக்கியைத் திருப்ப வேண்டிவரும். அவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். தனி டார்ச் எப்போதும் கையில் இருக்கட்டும்.

சம்பவத்துக்குப் பிறகு செய்ய வேண்டியதையும் பழகலாமா?

பெரும்பாலும் யாரும் பழகாதது இது. அவசர உதவி எண்ணை அழுத்துவதாக வைத்துக்கொண்டு, எங்கே இருக்கிறீர்கள், யாருக்குக் காயம், நீங்கள் எப்படி உடுத்தியிருக்கிறீர்கள் என்று சொல்லிப் பழகுங்கள். வரும் காவலர்களுக்கு நீங்கள் துப்பாக்கியோடு நிற்கும் இன்னொரு ஆள் மட்டுமே. அவர்கள் வருவதற்குள், பாதுகாப்பாக இருந்தால், துப்பாக்கி உறைக்குள் போயிருக்க வேண்டும். கைகள் வெறுமையாகத் தெரியட்டும். சொல்வதை உடனே செய்யுங்கள். ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்கு வாரைக் கட்டவும் காயத்தில் துணி திணித்து அழுத்தவும் கற்றுக்கொள்ளுங்கள். துப்பாக்கி தேவைப்படும் நாளைவிட இந்த முதலுதவி தேவைப்படும் நாள்தான் பலருடைய வாழ்க்கையில் முன்னால் வரும்.

உங்கள் ஊர்ச் சட்டத்தில் எப்போது பலத்தைப் பயன்படுத்தலாம், விலகிப்போகும் கடமை உண்டா, எங்கெங்கே துப்பாக்கி கூடாது என்பதை ஆண்டுக்கு ஒருமுறையாவது வழக்கறிஞரிடமோ அரசு வெளியீட்டிலோ சரிபாருங்கள். சட்டங்கள் மாறுகின்றன.

ஓராண்டாகப் பழகவே இல்லை. ஆனால் தினமும் அணிகிறேன். என்ன செய்வது?

இன்றைக்கு அதைக் கழற்றிப் பூட்டி வையுங்கள். இந்த வாரம் தோட்டா இல்லாமல் மூன்று நாள் உருவிப் பழகுங்கள், அணியும் அதே உடையில், மெதுவாக. உறையும் பெல்ட்டும் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓராண்டாக உடம்போடு கிடந்த தோட்டாக்களைச் சுடுதளத்தில் சுட்டுத் தீர்த்து, புதியதை நிரப்புங்கள். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் இடுங்கள். குழலிலும் குறிமுட்களிலும் துணிப்பஞ்சு அடைந்திருக்கும். சுடுதளத்தில் முதல் தோட்டாவைச் சுட்டு, நேரத்தையும் இடத்தையும் எழுதுங்கள். 7 கெஜத்தில் அந்த 8 அங்குல வட்டத்துக்குள் ஐந்துக்கு ஐந்தும் அவசரமில்லாமல் விழுந்து, உருவுவதும் திரும்ப வைப்பதும் தடுமாற்றமில்லாமல் வந்த பிறகு மறுபடி அணியுங்கள். வரவில்லை என்றால் ஒரு பயிற்சியாளரிடம் நேரம் வாங்குங்கள். அதுவரை பூட்டிலேயே இருக்கட்டும்.